கடைசி எதிரிக்கு ஒரு மொட்டை

ஒரு வீடியோ கேமைப் பற்றிக் கருத்துச் சொல்கிறவன் அதைக் கடைசிவரை ஆடி முடித்திருக்க வேண்டும். பாதியில் விட்டுவிட்டு விமர்சனம் செய்கிறவன், கல்யாண வீட்டு வாசலில் கோலத்தைப் பார்த்துவிட்டு வந்து சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்கிற ஆள். இந்தக் கொள்கையால் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், இருபத்தேழாவது வயதில் பெண் பார்க்க மொட்டைத் தலையோடு போனேன். அதுதான் கிடைத்தது.

திருப்பதிக்குப் பக்கத்தில் வடமாலபேட்டையில் எங்களுக்கு உரக்கடை. நைனாவும் (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) நானும் மாறி மாறிக் கடையில் உட்காருவோம். யூரியாவுக்கும் டிஏபிக்கும் நடுவில் என் ஒரே சந்தோஷம் கேம் கன்சோல். அதில் ஆடி, ஆடியதை ரெக்கார்டு செய்து, தமிழில் விமர்சனம் பேசி யூட்யூபில் போடுவேன். இருநூற்றுச் சொச்சம் பேர் பார்ப்பார்கள். அதில் பாதி என் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள். ஆனாலும் "வணக்கம் நண்பர்களே" என்று ஆரம்பிக்கும்போது தமிழகமும் ஆந்திரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதாகத்தான் நினைத்துக்கொள்வேன்.

அந்த கேமைத் திருப்பதியில் பழைய டிஸ்க் விற்கும் கடையில் வாங்கினேன். கடைக்காரர் நல்ல மனிதர், முன்கூட்டியே எச்சரித்தார்.

"மூணு பேரு வாங்கினு போனாங்க சார். மூணு பேரும் திருப்பிக் குடுத்துட்டாங்க. கடசி ஆள சாய்க்க முடியலயாம்."

வேறு யாராக இருந்தாலும் அந்த டிஸ்க்கை வைத்துவிட்டு வந்திருப்பார்கள். நான் விமர்சகன் ஆயிற்றே, வாங்கி வந்துவிட்டேன்.

கடைசி ஆள் என்பவன் ஒரு ராட்சசன். உடைந்த பாலத்தின் மேல் சுத்தியலோடு நிற்பான். நான் போய் நிற்பேன், அவன் ஒரு போடு போடுவான், நான் செத்துப்போவேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தடவை, ஞாயிற்றுக்கிழமை இருபது தடவை என்று மொத்தம் அறுபத்தோரு தடவை செத்தேன். அறுபத்திரண்டாவது தடவை ஆரம்பிக்கும்போது, மைக் ஓடிக்கொண்டிருப்பது நன்றாகத் தெரிந்தும், என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏழுமலையானே, இந்தச் சுத்தியல்காரன் மட்டும் வுழுந்துட்டான்னா உனக்கு மொட்டை போடுறேன்!"

ராட்சசன் சுத்தியலை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தான். நான் பயந்து குனிந்தேன். அவன் என்னைத் தாண்டிப் போய், பாலத்தின் உடைந்த ஓரத்தில் கால் தவறி, தானாகவே பள்ளத்தில் விழுந்து செத்தான்.

நான் துள்ளிக் குதித்தேன். வேண்டுதலோடு சேர்த்து அந்தக் காட்சியை அப்படியே விமர்சனத்தில் போட்டேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுத்தேன்.

மொட்டையைத்தான் போடவில்லை. அவன் தானாக வழுக்கி விழுந்தது என் கணக்கில் வருமா என்று எனக்குள்ளேயே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருந்தேன். எங்கள் சாமிக்குத் தெலுங்கில் 'வட்டிக்காசுலவாடு' என்று ஒரு பெயர் உண்டு. வேண்டிக்கொண்டதை வட்டியோடு வசூலிக்கிறவர் என்று அர்த்தம். பத்தாவது நாள் கன்சோல் உயிர் விட்டது. பட்டனை அமுக்கினால் ஒரு கீச்சுச் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. வட்டி வசூல் ஆரம்பித்துவிட்டது என்று புரிந்தது. மறுநாள் சனிக்கிழமை, விடிந்ததும் பஸ் ஏறித் திருமலைக்குப் போய்த் தலையைக் கொடுத்துவிட்டேன். நாவிதர் என்னிடம் கேட்காமலே மீசையையும் சேர்த்து எடுத்தார். (கன்சோலில் வயர் லூசாக இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. அதற்குள் முடி போய்விட்டது.)

எங்கள் பக்கத்தில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் தலையில் சந்தனம்தான். ஆகவே நான் நிம்மதியாக லட்டுப் பையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது.

"இன்னாடா இது கோலம்! உங்க நைனா குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு இருக்கும்போது எவன் செத்தான்னு மொட்டை போட்டுக்கினு வந்து நிக்கற? நாளைக்குப் பொண்ணு பாக்கப் போவணும்டா!"

"எந்தப் பொண்ணு?"

"வியாழக்கிழமையே சொன்னேனே! ம்ம்னியே!"

சொல்லியிருப்பாள். நானும் 'ம்' சொல்லியிருப்பேன். காதில் ஹெட்போன் இருந்தால் எங்கள் ஊருக்கே தீப்பிடித்துவிட்டது என்றாலும் நான் 'ம்' தான் சொல்லுவேன்.

அப்போதுதான் அம்மா போனில் பெண்ணின் போட்டோவைக் காட்டினாள். பெயர் ஹேமா. ஊர் சந்திரகிரி. திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபி வேலை. சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பது போல ஒரு முகம். எனக்குப் பிடித்துவிட்டது. ரொம்பவே பிடித்துவிட்டது. அவர்களுக்கு அனுப்பியிருந்த என் போட்டோவில் அழகு என்று சொல்லத் தகுந்தது என் சுருட்டை முடி ஒன்றுதான். அதை நான் அன்று காலைதான் மலைமேல் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"தொப்பி போட்டுக்கினு போவட்டும்" என்றார் நைனா.

"பொண்ணு பாக்கப் போறானா, கிரிக்கெட் ஆடப் போறானா?" என்றாள் அம்மா. தள்ளிப்போடவும் முடியாது. பெண்ணின் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரம் தவறுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாதாம். எதற்காக மொட்டை என்று அம்மா கேட்டாள். உண்மையைச் சொன்னேன். "அத அங்க சொன்ன, நானே உன்னக் கொன்னுடுவேன்" என்றாள்.

சந்திரகிரியில் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தோம். ஹேமாவின் அப்பா என் தலையைப் பார்த்தார், பிறகு நைனா உயிரோடு இருப்பதை உறுதி செய்துகொண்டார்.

"தம்பி மொட்டை போட்டுக்கினு வந்திருக்காரே, இன்னா வேண்டுதல்?"

அம்மா முந்திக்கொண்டாள். "என் முட்டி வலி நல்லாவணும்னு வேண்டிக்கினாண்ணே. சொல்லச் சொல்லக் கேக்கல."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அதை என் அம்மா என் கண்ணெதிரிலேயே போட்டாள்.

ஹேமாவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் காலத்துல பெத்தவளுக்காக முடி குடுக்கற புள்ளயா!" என்று பக்கத்து வீட்டு அம்மாளை வேறு கூப்பிட்டார். அந்த அம்மாள் வந்து என் தலையைத் தடவி "பங்காரம்!" என்றார். நான் தங்கம் போலவே முகத்தை வைத்துக்கொண்டேன். நைனா பஜ்ஜியை விட்டு நிமிரவே இல்லை.

காபி கொண்டுவந்த ஹேமா, என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எந்த முட்டிங்க அத்தை?"

"எடது" என்றாள் அம்மா. அதே நொடியில் நான் "வலது" என்றேன்.

"ரெண்டும்" என்றார் நைனா, வாயில் பஜ்ஜியோடு.

பையனும் பெண்ணும் தனியாகப் பேசட்டும் என்று எங்களை மாடிக்கு அனுப்பினார்கள். மாடியில் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. ஹேமா அதை ஒருமுறை கிளறிவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"சுத்தியல்காரன் அறுவத்திரெண்டாவது தடவதானே வுழுந்தான்?"

எனக்குத் தலையில் வேர்த்தது. மொட்டையில் வேர்த்தால் மறைக்க முடியாது, நேராகக் கண்ணுக்குள் இறங்குகிறது.

"உங்க பேரப் போட்டுத் தேடனேன். பதினேழு வீடியோ இருந்திச்சி. எல்லாம் பாத்துட்டேன்" என்றாள். "அந்த கேமுக்கு நாலு மார்க் ஜாஸ்தி. வேண்டிக்கினத பாத்து ரொம்ப நேரம் சிரிச்சேன். பாவம், நேர்மையான ஆளுன்னு நெனச்சேன்."

அந்த 'நெனச்சேன்' என்னை என்னவோ செய்தது. என் இருநூற்றுச் சொச்சத்தில் உண்மையாகவே முழு வீடியோவையும் பார்த்த ஒரே ஜீவன் இவள். இவளைத்தான் இப்போது பொய் சொல்லி இழந்துகொண்டிருக்கிறேன்.

"கீழ எங்கம்மா உங்க முட்டிக் கதைய நம்பி அழுதுகினு இருக்காங்க. நீங்களே போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லவா?"

நானே சொன்னேன். கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, ராட்சசன், சுத்தியல், பாலம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டு அம்மாள் தடவிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். ஹேமாவின் அப்பா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேண்டிக்கினதும் வுழுந்துட்டானா?"

"அப்பவே வுழுந்துட்டான் சார்."

"எத்தினி நாள் கழிச்சி மொட்டை போட்ட?"

"பதினொரு நாள்."

அவர் முகம் கறுத்தது. "தப்பு தம்பி. பஸ்ல ஏறிக் குந்திக்கினு பதினோரு நாளு டிக்கெட் எடுக்காம வந்திருக்க."

அவ்வளவுதான், முடிந்தது என்று செருப்பைத் தேடினேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். "கடசீல எடுத்துட்ட இல்ல? அதுவும் நாலு பேரு முன்னால ஒத்துக்கினே. முப்பது வருசமா இப்படி ஒத்துக்கின பயணிய நான் பாத்ததில்ல." பிறகு உள்ளே பார்த்து, "இன்னாம்மா சொல்ற?" என்றார்.

"முடி வளரட்டும், போட்டோ நல்லா வரணும்" என்றாள் ஹேமா.

ஐந்து மாதம் கழித்துக் கல்யாணம். அம்மாவுக்கு முட்டியில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், சொன்ன பொய்க்குத் தண்டனையாக மருமகள் தினமும் இரண்டு காலையும் நீட்டி மடக்கச் சொல்கிறாள். தட்டிக்கழிக்க அம்மாவுக்கு வாயில்லை.

விமர்சனங்களை இப்போது இருவரும் சேர்ந்து செய்கிறோம். போன மாதம் ஒரு கேமின் கடைசிக் கட்டத்தில் முப்பது தடவை தோற்றபின், ஹேமா சுவரிலிருந்த சாமி படத்தை நிமிர்ந்து பார்த்து "ஏழும..." என்று ஆரம்பித்தாள். இடுப்புவரை முடி அவளுக்கு. அடுத்த வாரம் சத்தியவேட்டில் அவள் சித்தப்பா மகள் கல்யாணம் வேறு. நான் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன். பிறகு இருவரும் கலந்து பேசி, எங்கள் வழக்கப்படி மாமனாருக்குப் போன் போட்டோம். அவர் தலையில் எடுப்பதற்கு முப்பது வருடமாக ஒன்றும் கிடையாது என்பதால், இந்த மாதிரி அவசர வேண்டுதல்களை எல்லாம் எங்களுக்காக அவர்தான் செய்துகொண்டிருந்தார்.

"மாமா, ஒரு எதிரி. வுழவே மாட்டேங்கறான். கொஞ்சம் வேண்டிக்கிறீங்களா?"



"வேற ஆளப் பாருங்க மாப்ள. என்னாண்ட இருந்தது மீசை ஒண்ணுதான். போன தடவ நீங்க ஜெயிச்சதுக்கு மலமேல அதயும் எடுத்துட்டானுங்க."