புல்லுக்குப் பதிலாக நான்

வேலை தெரியாதவன் சோம்பேறியாக இருந்துவிட்டால் யாருக்கும் கஷ்டமில்லை. சுறுசுறுப்பாக இருந்தால்தான் ஊர் தாங்காது. நான் ரொம்பச் சுறுசுறுப்பு.

எட்டாவதோடு படிப்பை விட்டு, தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை தூக்கி, சூரத்தில் சேலை மடித்து, கல்குவாரியில் ஒரு காது மந்தமாகி, கடைசியில் புன்னைக்காயல் பக்கம் அக்கா வீட்டில் வந்து விழுந்திருந்தேன். அக்கா புருஷன் மிக்கேல் மச்சான் குட்டையில் நண்டு வளர்த்தார். நான் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது பொறுக்காமல் (அந்தச் சோற்றை நண்டுக்குப் போட்டால் அதன் எடையாவது கூடும் என்பார்) மேட்டிலிருந்த வாழைத்தோட்டத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

தோட்டம் செல்வராணியுடையது. ஏதோ ஒரு பனிநாட்டில் பண்ணை வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். முந்தைய வருஷ மழையில் அவள் தோட்டத்து மண்ணும் உரமும் ஓடை வழியே குட்டைக்குள் இறங்கி, மச்சானின் நண்டுகள் செத்து ஒதுங்கின. மச்சான் ஓடையை அடைக்கப் போனார். அடைத்தால் தண்ணீர் தேங்கி வாழை அழுகிவிடும். "இன்னும் ஒரு மழை பொறுங்க அண்ணாச்சி" என்று செல்வராணி கெஞ்சி, தோட்டத்துக்கும் ஓடைக்கும் நடுவே அகலமான பட்டையாகப் புல் வளர்த்தாள். கலங்கலைப் புல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.

"புல்லு பிடிக்குதோ பிடிக்கலியோ, கலங்கத் தண்ணி வந்துச்சுன்னா நான் மண்மூட்டை போட்டு அடைச்சிருவேன்" என்றார் மச்சான்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அவள் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது என்னிடம் சொன்னாள்: "அண்ணே, அந்த ஊர்ல பனி விழுகதுக்கு முன்னால கரைப்புல்லை எடுத்துருவோம். இல்லன்னா புல்லு பனியில செத்து, குடிச்ச உரத்தையெல்லாம் பனி உருகும்போது தண்ணியிலயே கக்கிரும். இங்கன பனி இல்ல. ஆனா முத்துன புல்லு மழையில அழுகும். நான் வாரதுக்குள்ள எடுத்துருங்க."

எடுப்பது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த வாரம் முழுக்க வாழைக்கு நடுவே களை எடுத்திருந்தேன். களையை வேரோடுதான் எடுப்பார்கள்.

மண்வெட்டியோடு இறங்கினேன். அந்த வேர்களுக்கு என்ன பிடிவாதம்! விடவில்லை, நானும் விடவில்லை. பட்டை முழுவதும் அம்மிக்கல்லை வழிக்கிற மாதிரி வழித்தெடுத்தேன். கடைசி மூலையில் ஒரு பாம்புச் சட்டை கிடந்ததால் அந்த மூலைப்புல்லை மட்டும் விட்டேன். (யாராவது கேட்டால், அழகுக்கு விட்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.) பெருமையாக அவளுக்குப் போன் போட்டேன்.

"தங்கச்சி, எடுத்தாச்சு. ஒரு வேர் கிடையாது."

"வேரா? வேரை எதுக்குண்ணே எடுத்தீக?"

"நீதானம்மா எடுக்கச் சொன்ன?"

"அய்யோ, அறுத்து எடுக்கச் சொன்னேன்! அந்த வேரும் அடித்தாளும்தானே தண்ணிய பிடிக்கணும்!"

என் முதுகில் முதல் தூறல் விழுந்தது.

பிறகு வானம் பிளந்த மாதிரி மழை. மேட்டிலிருந்து செம்மண் கரைசல் என் வழுவழுப்பான தரையில் சறுக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடியது. வாழைமட்டைகளைக் குறுக்கே போட்டேன். அவை எனக்கு முன்னால் கடலுக்குப் புறப்பட்டன. ஓடிக் களைத்து நின்றபோதுதான் அந்த மூலையைப் பார்த்தேன்.

அதே கலங்கல் அங்கேயும் வந்தது. புல்லுக்குள் நுழைந்ததும் அதன் வேகமெல்லாம் போயிற்று. தாள்கள் குனிந்தன, ஒடியவில்லை. மண் அடியில் படிந்தது. மறுபக்கம் தண்ணீர் மெதுவாக, தெளிந்து கசிந்தது. உள்ளங்கையில் ஏந்தினால் ரேகை தெரிந்தது. துறைமுகத்தில் கப்பலையே காலி செய்கிற இயந்திரங்களைப் பார்த்தவன் நான். சத்தமே இல்லாமல் இவ்வளவு பெரிய வேலையை ஒன்று செய்து அதுவரை பார்த்ததில்லை. கொட்டும் மழையில் வாயைப் பிளந்து நின்றேன்.

புல்லால் முடிவது மனிதனால் முடியாதா என்று தோன்றியது. ஓடையோரம், தண்ணீருக்குக் குறுக்காகப் படுத்துவிட்டேன்.

மண்மூட்டையோடு வந்த மச்சான் குனிந்து பார்த்தார்.

"ஏலே, விழுந்துட்டியா?"

"இல்ல மச்சான்."

"குடிச்சிருக்கியா?"

"இல்ல மச்சான்."

"பொறவு என்னலே பண்ணுத?"

"தண்ணிய வடிகட்டுதேன்."

மூட்டை அவர் கையிலிருந்து நழுவியது. நான் படுத்தபடியே அந்த மூலையைக் காட்டினேன். போய்க் குந்தினார். தண்ணீரை அள்ளிப் பார்த்தார், கொட்டினார், மறுபடி அள்ளினார். மழை அவர் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தது.

"யம்மா... கண்ணாடியால்லா இருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இம்புட்டு நல்ல புல்லையா புடுங்குன, மூதேவி?"

மூட்டையைத் தூக்கினார். ஓடையை அடைக்கவில்லை, ஓடைத்தண்ணீர் நுழையும் குட்டையின் வாயை அடைத்தார். அடைத்தால் நண்டுக்கு மூச்சு முட்டும். தண்ணீரை அடித்துக் கலக்கிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். அந்த ஆள் யாரென்று அவர் சொல்லவே இல்லை. துடுப்பை என் கையில் கொடுத்தார். மழை விடும்வரை அடித்தேன். கொஞ்சம் நண்டு போயிற்று, மீதி பிழைத்தது. வாழையும் பிழைத்தது. மதுரையிலிருந்து திரும்பிய செல்வராணி அந்த மூலைப்புல்லைப் பிரித்து நட்டாள். மச்சானும் நாலு தூறு கேட்டு வாங்கிக் குட்டைக் கரையில் வைத்தார்.

இப்போதெல்லாம் அக்கா வீட்டில் டீ வடிகட்டியைக் காணோம் என்றால் யாரும் தேடுவதில்லை. "ஏலே, மாமாவ வந்து டம்ளருக்கு மேல படுக்கச் சொல்லு" என்று மச்சான் பிள்ளைகளிடம் சத்தம் போடுவார்.