ஸ்டோர்ல காய வச்ச பீரு

தொரைக்குப் பீர்ப் பெட்டி வந்திருந்துச்சு. போடியில போய் அதை வாங்கிக்கிட்டு மலைக்கு வரணும். அன்னைக்கு என் சோலி அவ்வளவுதான்.

செருமன் சண்டைக்கு முந்தி நடந்தது இது. நான் மலையில ஒரு ஏலக்காய்த் தோட்டத்துல ஸ்டோர் பார்த்துக்கிட்டிருந்தேன். பறிச்சு வர்ற பச்சைக் காயை அடுப்புச் சூட்டுல உலர்த்துற கட்டடம்தான் ஸ்டோரு. மாசக்கணக்குல மழை பேயுற எடமா, காயோ கம்பளியோ எது நனைஞ்சாலும் நாங்க நேரா அங்கதான் கொண்டுபோவோம். எங்களுக்கு வேற வைத்தியம் தெரியாது.

தொரைக்குப் பீருன்னா உசுரு. அதுலயும் இன்னைக்குக் குடிச்ச ஊருப் பீரை மறுநாள் தொட மாட்டாரு.

"இங்கிலாந்துப் பீரு கருப்பு, கேப்பைக்கூழு மாதிரி கெட்டி. செருமன் பீரு மொதல்ல கசக்கும், அப்புறம்தான் அருமை தெரியும். டென்மார்க்குப் பீரு ஓடைத்தண்ணி மாதிரி குளுகுளுன்னு இறங்கும்." கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவாரு.

அந்தத் தேசமெல்லாம் மலைக்குக் கீழ இருக்குற தேவாரம் ஊருக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமான்னுகூட எனக்குத் தெரியாது. தலையை மட்டும் ஆட்டுவேன்.

"ஞாயித்துக்கிழமை பக்கத்துத் தோட்டத்துத் தொரைமாரெல்லாம் வர்றாங்க. ஒவ்வொருத்தனும் எங்க ஊருப் பீருதான் ஒசத்திங்கிறான். அன்னைக்கு முடிவு கட்டணும். வெரசாப் போ, பத்திரமாக் கொண்டா," அப்படின்னு சொல்லித்தான் தொரை அன்னைக்கு என்னை அனுப்புனாரு.

பெட்டியைச் சுமந்தது எங்க மாமாவோட பொதிமாடு. மாமா ராசிங்காபுரத்துக்காரரு, எங்க ஆத்தாவுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். அவரு எளைய மக பேச்சியைத்தான் நான் கட்டுறதா இருந்தேன். அவளைத் தவிர இன்னொருத்தியை நான் நெனச்சுப் பார்த்ததே இல்ல.

அதுக்கு மாமா போட்ட நிபந்தனை ஒண்ணே ஒண்ணு. குடிக்கக் கூடாது. மூத்தவளை ஒரு குடிகாரன்கிட்டக் கொடுத்துட்டு அவரு பட்டது போதும்னு ஆயிருச்சு.

"பெட்டியில என்னமோ கலகலங்குதே, மாப்ளே?"

"பீரு மாமா. தொரைக்கு."

மாமா பெட்டி இருக்குற பக்கத்தை விட்டு மாட்டுக்கு அந்தப் பக்கமா நடந்தாரு.

"நீ இதெல்லாம் தொட்டதுண்டா?"

"சத்தியமா இல்ல மாமா."

"மோந்து பார்த்திருந்தாலும் இப்பவே சொல்லிரு."

"இல்ல மாமா."

பாதி மலை ஏறலை, மழை பிடிச்சுக்கிருச்சு. கொட்டுன கொட்டுல பெட்டிக்குள்ள இருந்த வைக்கோலெல்லாம் கூழாப் போச்சு.

தோட்டத்துக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். குப்பியெல்லாம் மொட்டையா நிக்குது. ஒட்டியிருந்த லேபிலெல்லாம் தனியா மிதக்குது. எது இங்கிலாந்து, எது செருமனி, ஒண்ணும் விளங்கலை.

சரி, நமக்குத் தெரிஞ்சதைச் செய்வோம்னு சோத்தைப் பிசைஞ்சு பசையாக்கி, மனசுக்குத் தோணுனபடி ஒட்டுனேன். குட்டையா இருந்த குப்பிக்கு டென்மார்க்கு. நெட்டைக்குச் செருமனி. மிச்சம் இருந்ததுக்கெல்லாம் இங்கிலாந்து.

ஆனா அந்தப் பனிமூட்டத்துல பசை எங்க காயுது? தொட்டா லேபிலு கையோட வருது.

நான் யோசிக்கவே இல்ல. குப்பிகளை அள்ளிட்டுப் போய் ஸ்டோர்ல, அடுப்புப் பொகை போற தகரக் குழாய்மேல வரிசையா அடுக்குனேன். மேல தட்டு நெறையக் காய் கெடக்கு.

மாமா வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தாரு. "காயோட சேர்ந்து இதுவும் காஞ்சிரும். கெட்டிக்காரன்தாண்டா நீ," அப்படின்னாரு.

வருங்கால மாமனாரு வாயில அப்படி ஒரு வார்த்தை. சும்மா இருப்பேனா? அடுப்புல இன்னும் ரெண்டு கட்டை தள்ளுனேன். மாமா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு.

கொஞ்ச நேரத்துல உள்ள 'டப்'புன்னு ஒரு சத்தம். எட்டிப் பார்க்குறதுக்குள்ள இன்னொண்ணு. ஓடிப்போய் டென்மார்க்கைத் தூக்குனேன், நெஞ்சுல வெடிச்சுச்சு. அதை விட்டுட்டுச் செருமனியைக் காப்பாத்தப் போனேன், அது மூஞ்சியிலயே அடிச்சுச்சு. இங்கிலாந்தோ, மேல இருந்த காய்த் தட்டு வரைக்கும் பாஞ்சிருச்சு.

தலையில இருந்து கால் வரைக்கும் சொட்டச் சொட்ட வெளிய வந்தேன். மீசையில நொரை. எதிர்ல மாமா.

கிட்ட வந்து மோந்து பார்த்தாரு. மூஞ்சி இருண்டு போச்சு.

"காய வைக்கிறேன்னு சொல்லிட்டு, உள்ள உக்காந்து இதைத்தான் பண்ணுனியா?"

"மாமா, நான் குடிக்கலை. பீருதான் எம்மேல வந்து..."

"எங்க மூத்த மாப்பிள்ளையும் இதையேதான் சொல்லுவான்." மாட்டை அவுத்தாரு. "பேச்சிக்கு வேற எடம் பார்த்துக்கிறேன்."

எனக்கு அழுகையே வந்துருச்சு. வாயைத் திறந்தா பீரு வாடை, என்னத்தைச் சொல்லி நம்ப வைக்க?

அதுக்குள்ள வெடிச் சத்தம் கேட்டுத் தொரை ஓடி வந்தாரு. உள்ள போய்ப் பார்த்தாரு. ஏலக்காய்த் தட்டுல இருந்து மூணு தேசமும் ஒண்ணா ஒழுகிக்கிட்டிருந்துச்சு.

"குப்பியை எங்க வச்ச?"

"அடுப்புக் குழாய்மேல தொரை. லேபிலு காயட்டும்னு."

தொரை அப்படியே வாசப்படியில உக்காந்துட்டாரு.

மாமா துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு முன்னால வந்தாரு. "தொரை, இவன் குடிப்பானா மாட்டானா? அதை மட்டும் சொல்லுங்க. எம்பொண்ணு சமாச்சாரம்."

"குடியா?" தொரை குரலு தழுதழுத்துச்சு. "வாழ்க்கையில ஒரே ஒரு மடக்காவது பீரு குடிச்சவன் அதை அடுப்புல வைப்பானாய்யா? இந்த மடையன் மோந்துகூடப் பார்த்ததில்ல."

மாமா மூஞ்சி அப்படியே மலர்ந்துச்சு. "இன்னொரு தடவை சொல்லுங்க தொரை. வீட்டுல போய் அப்படியே சொல்லணும்."

தொரை இன்னொரு தடவை சொன்னாரு. கூடச் சேர்த்த வார்த்தைகளை நான் இங்க சொல்ல முடியாது.

தப்பிச்சது ஒரே ஒரு குப்பி. லேபிலும் இல்லை. ஞாயித்துக்கிழமை அதை ஆளுக்கொரு மடக்கா ஊத்திக்கிட்டு, அத்தனை தொரைமாரும் இது எங்க ஊருப் பீருதான்னு சத்தியம் பண்ணுனாங்களாம். அதுலதான் எங்க தொரைக்குக் கோவம் கொஞ்சம் எறங்குச்சு, எஞ்சோலியும் தப்புச்சு.

தை மாசம் எனக்கும் பேச்சிக்கும் கல்யாணம் ஆச்சு. பந்தல்ல வந்தவங்க போனவங்க எல்லாத்துக்கிட்டயும் மாமா நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னாரு: "எங்க மாப்ளே சுத்த மடையன். தொரையே சொல்லியிருக்காரு."