ஒயரண்ணனின் எட்டு மாதம்

மின்சாரத்தைக் கொஞ்சமும் நம்பாமல் மின்சாரம் தயாரிக்கக் கிளம்பிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் முதலமடை ஒயரண்ணன்தான்.

எங்கே பல்பு எரிந்தாலும் "ஒயர் எங்கீங்க?" என்பார். கல்யாண மண்டபத்தில் சீரியல் செட்டைப் பார்த்தாலும் அதே கேள்விதான். அந்த ஒயர் எங்கே போகிறது என்று சுவர் ஓரமாகவே நடந்து, மீட்டர் பெட்டியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பந்திக்கு வருவார். அதற்குள் இரண்டு பந்தி முடிந்து பாயசமும் தீர்ந்திருக்கும். ஒருமுறை ஒயர் பின்னாலேயே போய் மணப்பெண் அறைக்குள் நுழைந்துவிட்டார். அன்றைக்கு அடி விழாமல் காப்பாற்றியது அவருடைய நரைத்த மீசை.

அப்பேர்ப்பட்டவர் தன் மாந்தோப்பில் ஒரு தொட்டி கட்டி, விற்காமல் அழுகிப்போகும் மாம்பழத்தை அதில் கொட்டி, வரும் கேஸில் என்ஜின் ஓட்டிக் கரண்டு எடுக்கப் போவதாகச் சொன்னார். மூன்று வருஷமாகச் சொன்னார். தொட்டியிலிருந்து கேஸ் வந்ததோ இல்லையோ, வாசனை வந்தது. பஸ்ஸில் தூங்கி வருகிறவர்கள்கூட மூக்கை வைத்தே இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தெரிந்துகொண்டார்கள்.

அவர் மனைவி பாப்பாத்தியக்கா நல்ல பொறுமைசாலி. ஆனால் பொறுமைக்கும் ஓர் இடம் வேண்டுமல்லவா? அவருக்கு மாட்டுச்சாலை, அதாவது மாட்டுக்கொட்டகை, கட்ட அந்த இடம் வேண்டும்.

"இந்தத் தடவ சங்கத்துல உதவி கெடைச்சா வெச்சுக்குங்க. இல்லீனா தொட்டிய ஒடச்சுப்போட்டு மாட்டுச்சால கட்டோணும். செரிங்களா?" என்றார்.

"செரி" என்றார் ஒயரண்ணன். அவர் சரி என்று சொன்னால் அது பத்திரத்தில் எழுதியது மாதிரி.

சங்கம் என்பது எங்கள் மாங்காய் விவசாயிகள் சங்கம். நான்தான் செயலாளர். மாங்காய் வைக்கும் குளிரூட்டும் அறைக்குப் புதுவகையில் கரண்டு தருகிற யாராவது ஒருவருக்கு ஒரு திட்டத்தில் உதவித்தொகை வந்திருந்தது. ஒருவருக்கு மட்டும்தான். போட்டிக்கு இருவர் நின்றார்கள். ஒருவர் ஒயரண்ணன். இன்னொருவர் வெளியூரிலிருந்து வந்த காந்தக்காரர்.

சங்கக் கூட்டத்துக்குக் காந்தக்காரர் கோட்டுப் போட்டு வந்திருந்தார். முதலமடை வெயிலில் கோட்டுப் போடுகிறவர் பெரிய ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று பாதிப் பேர் அங்கேயே விழுந்துவிட்டோம். ஒரு தடவை சுற்றிவிட்டால் காந்த பலத்தில் நிற்காமல் ஓடும் மிசின், எண்ணெய் வேண்டாம், வெயில் வேண்டாம், காற்று வேண்டாம் என்று திரையில் படம் படமாகக் காட்டினார். மேசைமேல் வைத்த மிசின் சுற்றியது, பக்கத்தில் ஒரு பல்பு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

கைதட்டல் அடங்கும்போது ஒயரண்ணனைக் காணோம். பார்த்தால் மேசை விரிப்புக்குக் கீழே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அடியில் ஒயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. சங்கத் தலைவர் கழற்றிவிட்டிருந்த செருப்பு மட்டும்தான் இருந்தது.

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங், நீங்களும் போட்டிக்கு வந்தவரு. அடுத்தவரு மேசைக்கடியில போயிப் படுத்தா நாலு பேரு என்ன நெனைப்பாங்க?"

ஒயரண்ணன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "செருப்ப மாத்தி வெச்சிருந்தீங்க, நேரா வெச்சுப்போட்டனுங்க" என்றார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். "தலைவரே, மாங்காப் பெட்டி வாங்கறப்ப மேல் வரிசையப் பாத்துப்போட்டு வாங்கறீங்களா?"

மேல் வரிசையில் பொறுக்கின காயை அடுக்கி அடியில் வெம்பலை வைப்பதில் இந்த ஊரில் எல்லோருக்கும் அனுபவம் உண்டு. அதனால் வாங்கும்போது பெட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பதிலும் அனுபவம் உண்டு.

"மாங்காய்க்குக் கவுத்துப் பாக்கறோம். கரண்டுக்கு மட்டும் பாக்கமாட்டீங்களா? வர்ற ஞாயித்துக்கிழம அவங்கவங்க ஊட்டுச் சாமானக் கொண்டாங்க. ரெண்டு மிசின்லயும் மாட்டி ஓட்டுங்க. எம்பட பல்பும் வேண்டாம், அவரு பல்பும் வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை ஒயரண்ணன் தோப்புக்கு ஊரே சாமானைத் தூக்கிக்கொண்டு வந்தது. மிக்சி, இஸ்திரிப் பெட்டி, டேபிள் ஃபேன், முடிவெட்டுகிற மிசின், வண்டியில் ஏற்றிய டிவி. பாப்பாத்தியக்கா கிரைண்டரோடு ஊறவைத்த அரிசியையும் கொண்டுவந்திருந்தார். எதையும் வீணாக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

முதலில் காந்தக்காரர். மிக்சியை மாட்டினதும் மிசின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. "உங்க சாமானுக்கு இது இன்னும் பழகலை" என்றார் அவர்.

"அப்படீனா மிசினக் கவுத்துப் பாக்கலாமுங்களா?" என்றார் ஒயரண்ணன், ரொம்ப மரியாதையாக.

காந்தக்காரருக்கு உடனே ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே மிசினைத் தூக்கிக் காரில் வைத்தவர் திரும்பி வரவேயில்லை.

அடுத்தது ஒயரண்ணன். "ஒரு மணி நேரம் ஓடுமுங்க" என்று சொல்லிவிட்டு என்ஜினைக் கிளப்பினார். மிக்சி ஓடியது, ஃபேன் சுற்றியது, டிவியில் யாரோ அழுதார்கள். கிரைண்டரும் ஓடியது. நான் வாட்ச்சைப் பார்த்தபடியே நின்றேன். முக்கால் மணி நேரத்தில் என்ஜின் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் வெயில், ராசி என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். இவர் தொட்டி மூடியைத் திறந்து தலைவரைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். தலைவர் முகர்ந்து, சற்று நேரம் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதாங்க எம்பட அடி வரிச. வெறும் மாம்பழமாப் போட்டதுல தொட்டி புளிச்சுப்போச்சு. சாணி சேத்தோணும். ஆறு மாசத்துல செரி பண்ணிப்போடுவேன்."

கமிட்டி அங்கேயே கூடிப் பேசியது. இந்தத் தடவை யாருக்கும் இல்லை, தொகையைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று முடிவானது. ஆளாளுக்குச் சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். டிவிக்காரர் மட்டும் "அந்தப் புள்ள கடைசீல என்னாச்சுன்னு தெரியலியே" என்று புலம்பிக்கொண்டே போனார்.

ஒயரண்ணன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தார். சொன்ன சொல்லாயிற்றே.

"வெய்யுங்க அத" என்றார் பாப்பாத்தியக்கா. கை முழுக்கப் பாதி அரைபட்ட மாவு. "ஆறு மாசத்துல ஆகுமுன்னு சொன்னீங்களே, அது நெசமா, சங்கத்துக்குச் சொன்னதா?"

ஒயரண்ணன் கடப்பாரையைக் கீழே வைத்தார்.

"எட்டு மாசம் ஆகும் பாப்பாத்தி."

"செரி, எட்டு மாசம் பாக்கலாம். சாணிக்கு எங்கியும் போவோண்டியதில்ல, மாட்டுச்சாலையத் தொட்டிக்குப் பக்கத்துலயே கட்டிக்கலாம். இப்ப வந்து இந்த மாவக் கையில ஆட்டுங்க."

மறுநாள் காலையில் நான் அலுவலகம் திறக்குமுன்பே ஒயரண்ணன் வாசலில் நின்றார். மாவாட்டிய கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அந்த ஃபைல்ல ஆறு மாசமுன்னு எழுதியிருப்பீங்களே, அத எட்டுன்னு மாத்தோணுமுங்க."

"ஏனுங்ணா, முடிவே ஆயிப்போச்சு. தொகையும் திரும்பப் போவுது. இனி ஆறா இருந்தா என்ன, எட்டா இருந்தா என்ன?"

"இருந்தாலும் தப்பு ஃபைல்ல கெடக்குதுல்லங்க" என்றார்.

மாற்றிக் கொடுத்தேன். எட்டு என்று எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார். காந்தக்காரருக்குக் கைதட்டிய கைதான் அதை எழுதியது என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி இன்றுவரை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இது ஏழாவது மாதம். அடுத்த வருஷத்து உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை அவர் இன்னும் கேட்கவில்லை; நான் பூர்த்தி செய்து, அவர் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.