வலப்பக்கம் திரும்பாத சம்பந்தி

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு, மலை உச்சியில், பேருந்தின் கடைசி நிறுத்தத்துத் தேநீர்க் கடை மேசையிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் சம்பந்தியும் நலம். அங்கே தாங்களும் என் மகளும் மாப்பிள்ளையும் நலமென நம்புகிறேன். நலம் என்று எழுதியதில் என் இடது மணிக்கட்டு சேராது. அது பின்னால் வருகிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் என்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே தாங்கள் ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில்தான் நான் கடைசி வரை பேச முடியும்.

புறப்பட்ட அன்று வாசலில் நின்று தாங்கள் வாங்கிய சத்தியம் எனக்கு மறக்கவில்லை. சம்பந்தி வண்டியில் பின்னால்தான் உட்காருவார், கைப்பிடியைத் தொடவே மாட்டார் என்று தலையில் கை வைத்துச் சொன்னேன். முப்பத்தொரு வருடம் டிப்போவில் நேரம் குறிப்பவராக இருந்து, தினமும் எட்டுப் பேருந்துகளை இந்த மலைக்கு அனுப்பிவிட்டு, ஒரு நாள் கூடத் தான் ஏறிப் போகாத மனிதர், ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பாதையை முழுக்கப் பார்க்க வேண்டும் என்றார். கண்ணாடிக் கடையை மூடிவிட்டுச் சும்மா இருந்த நானும் பழைய மோட்டார் சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். நான்கு நாள் பயணம், இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். சம்பந்தி முறை என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன். ஆறு வருடமாக நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் சாப்பிட்டீர்களா, மழை வரும் போலிருக்கிறதே, இவ்வளவுதான். முதல் நாள் எனக்கு நல்ல பசி. அவர் சொல்லட்டும் என்று நான் இருந்தேன். நான் நிறுத்துவேன் என்று அவர் இருந்தார். மூன்று சாப்பாட்டுக் கடைகளை மரியாதையாகத் தாண்டினோம். நான்காவது கடை பூட்டியிருந்தது. சாயங்காலம் விடுதி அறைக்குப் போய்ப் பையைத் திறந்தபோது, தாங்கள் கொடுத்தனுப்பிய பிஸ்கட் பொட்டலம் காலியாக இருந்தது. எனக்குத் தெரியாமல் என் முதுகுக்குப் பின்னாலேயே சாப்பிட்டிருக்கிறார். பாதி எனக்கென்று வைத்திருந்தாராம்; கொடுக்கத்தான் கூச்சமாக இருந்ததாம். அந்தப் பாதியும் எங்கே என்று கேட்க எனக்கும் கூச்சமாக இருந்தது.

இரண்டாம் நாள் மலைப் பாதை தொடங்கியது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் பின்னால் இருப்பவரும் கூடவே சாய வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். சம்பந்தியோ நான் விழுந்துவிடப் போகிறேன் என்று பயந்து, என்னைக் காப்பாற்ற ஒவ்வொரு வளைவிலும் எதிர்ப்பக்கம் சாய்ந்தார். அப்படிச் சாய வேண்டாம் என்று பெண் கொடுத்த இடத்தில் எப்படிச் சொல்வது? பதினொரு வளைவுகள் தாங்கினேன். பன்னிரண்டாவதில் வண்டி மெதுவாக, யாரையும் அவசரப்படுத்தாமல், ஒரு முட்டைக்கோஸ் வயலுக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது. விழுந்த இடத்திலேயே அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நான் அவரிடம் கேட்டேன், இப்படியே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது வயல்காரம்மா மண்வெட்டியோடு வந்தார்.

"ரெண்டு பேரும் அப்புறமா மன்னிப்புக் கேட்டுக்கலாம். முதல்ல என் நாத்து மேலேருந்து எந்திரிங்க."

விலை பேசவே விடவில்லை. நசுங்கிய நாற்றுக்குப் பதில் புதிய நாற்றைக் கையில் கொடுத்து நடச் சொல்லிவிட்டார். நான் ஒரு கையால் நட்டேன், மறு கை அதற்குள் வீங்கியிருந்தது. சம்பந்தி இரண்டு கையாலும் நட்டார். கோணலாக நட்டதற்கு இருவரும் ஒன்றாகத் திட்டு வாங்கினோம். சேற்றில் குந்தியபடி சம்பந்தி சிரிக்க ஆரம்பித்தார், சம்பந்தியம்மா. ஆறு வருடத்தில் அவர் பல்லை நான் அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் என்னால் கிளட்ச் பிடிக்க முடியவில்லை. கடைசி நிறுத்தத்துக்கு இன்னும் ஒன்பது மைல். திரும்பிவிடலாம் என்று சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. காலணியையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நான் ஓட்டட்டுங்களா, சம்பந்தி? வீட்டுல தெரியாது. மதியச் சாப்பாட்டு வேளைல மெக்கானிக் வண்டிய வாங்கி டிப்போவுக்குள்ளயே சுத்துவேன்."

தங்கள் சத்தியம் கண்முன் வந்தது. அவர் முகமும் அங்கேயே இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அத்தனை வருடமும் அவர் டிப்போவை இடப்பக்கமாக மட்டுமே சுற்றியிருக்கிறார். இடது வளைவு வந்தால் ராஜா மாதிரி திரும்புவார். வலது வளைவு வந்தால் வண்டியை நிறுத்துவார். இருவரும் இறங்கி, தள்ளித் திருப்பி, மறுபடி ஏறுவோம். இப்படி ஆறு வளைவுகள். ஏழாவது வலது வளைவில் எதிரே ஒரு மாட்டு மந்தை வந்தது. நிறுத்த நேரமில்லை. கண்ணை மூடிக்கொண்டவன் நான்தான். திறந்தபோது நாங்கள் வலப்பக்கம் திரும்பி, மாடுகளைத் தாண்டி, நேராகப் போய்க்கொண்டிருந்தோம்.  ஹெல்மெட்டுக்குக் கீழே அவர் காது நுனி சிவந்திருந்தது.

உச்சியில் பேருந்து நின்றுகொண்டிருந்தது. அதன் ஓட்டுநரை, தினமும் தாமதம் என்று எழுதி எழுதிச் சம்பந்திக்குக் கை வலித்திருக்கிறது. ஓட்டுநர் இவரை மேலும் கீழும் பார்த்தார். சம்பந்தி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"மாடு வந்துச்சுப்பா," என்றார்.

"தினமும் வரும் சார்," என்றார் அவர்.

பிறகு இருவரும் ஒரே பெஞ்சில் தேநீர் குடித்தார்கள். கீழே பள்ளத்தாக்கில் வெயில் விழுந்திருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்தையும் ஓட்டுநர் விரலால் காட்ட, அதன் பெயரைச் சம்பந்தி முந்திக்கொண்டு சொன்னார். எனக்கும் மனம் நிறைந்திருந்தது.

ஆகவே தாங்கள் கவலைப்பட வேண்டாம். இன்று மதியப் பேருந்திலேயே சம்பந்தியை ஏற்றி அனுப்புகிறேன். இந்தக் கடிதமும் ஓட்டுநர் கையில் வரும். வண்டியை இறக்க மெக்கானிக்குக்குச் சொல்லியாகிவிட்டது. இனி சம்பந்தி கைப்பிடியைத் தொட மாட்டார், இது உறுதி. தங்கள் முழங்கால் வலி குறைந்து, வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்க வேண்டும். என் மணிக்கட்டைப் பற்றி என் வீட்டுக்காரியிடம் மட்டும் மூச்சு விட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மருமகளின் தகப்பன்

பி.கு.: சம்பந்தி பேருந்தில் ஏறினார், உட்கார்ந்தார், டிக்கெட்டும் வாங்கினார், இறங்கிவிட்டார். அந்த இருக்கையில் இப்போது நம் மூட்டைகள் வருகின்றன. மெக்கானிக்கை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நாளை மாலையில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் வந்து பாருங்கள். முன்னால் உட்கார்ந்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வருபவர் யாரோ எவரோ என்று கதவைச் சாத்திவிட வேண்டாம். அவர்தான் தங்கள் கணவர்.