சலவைக்குப் போன சுரை விதை

"மிதந்ததை எல்லாம் தூக்கிப் போட்டுட்டீங்கல்ல?" என்று மனைவி போனில் கேட்டபோது, மிதந்த விதைகள் இரண்டும் லாண்டரிக்காரரின் உள்ளங்கையில் பத்திரமாக இருந்தன. மூழ்கிய ஏழும் தண்ணீரோடு சேர்ந்து கொல்லைச் சாக்கடைக்குப் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

"போட்டாச்சு, போட்டாச்சு" என்றார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. காலமெல்லாம் துணி துவைக்கிற மனுஷன். தொட்டியின் அடியில் தங்குவது அழுக்கு என்பது அவருக்கு ரத்தத்திலேயே ஊறிப்போன விஷயம். மிதப்பது சொத்தை, மூழ்குவதுதான் முளைக்கும் என்று மனைவி கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள். இவர் ஒரு சட்டைக் காலரின் கறையை ஆராய்ந்துகொண்டே 'உம்' கொட்டினார். கொட்டினால் மட்டும் போதுமா?

அது சாதாரண விதையும் இல்லை. அவள் அப்பா தன் வீட்டுச் சுரைக்கொடியில் எடுத்ததாக வருஷா வருஷம் பொட்டலம் கட்டிக் கொடுப்பது. எண்ணி ஒன்பது. முப்பது வருஷமாக ஒரே கொடியின் வம்சம் என்று அவள் பெருமை பேசாத ஆள் தெருவிலேயே கிடையாது. விதை ஊறும் கிண்ணத்துப் பக்கம் இதுவரை புருஷனை அண்ட விட்டதில்லை. இந்தத் தடவை தங்கைக்குப் பிரசவம் என்பதால் வேறு வழியில்லாமல் ஒப்படைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருவாள். அவரே தன் கையால் நட்டுத் தருவாராம்.

இந்த மாப்பிள்ளையிடம் ஒரு செடியைக்கூட நம்பிக் கொடுக்க முடியாது என்று கல்யாணப் பந்தலிலேயே சொன்னவர் அந்த மாமனார். அது உண்மையாகிவிடக் கூடாதே என்று லாண்டரிக்காரர் கொல்லைக்கு ஓடினார்.

சாக்கடையில் கைவிட்டுத் துழாவியதில் ஐந்து அகப்பட்டன. ஐந்திலும் சாக்கடை நாற்றம். அப்படியே விட்டுத் தொலைத்திருக்கலாம். ஆனால் அழுக்கைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காதே! சலவைச் சோடாவில் ஓர் அலசு, பிளீச்சில் ஒரு முக்கு. நாற்றம் போயிற்று. கூடவே நிறமும் போய், ஐந்தும் பால்பல் மாதிரிப் பளீரென்று சிரித்தன.

போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர டீத்தண்ணீரில் போட்டார். நன்றாகவே ஏறியது. ஏறிய சாயம் நிற்க வேண்டுமானால் சூடு காட்ட வேண்டும், அது தொழில். இரண்டு துண்டுகளுக்கு நடுவே விதைகளை வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஓர் அழுத்து அழுத்தினார். படபடவென்று வெடித்தன.

"என்னண்ணே வறுக்கிறீங்க? வாசனை ஆளைத் தூக்குது" என்றபடி வந்தார், கடையில் துணி மடிக்கும் அக்கா.

சனிக்கிழமை விதைக்கடைக்கு ஓடினார். அங்கே இருந்த சுரை விதை எல்லாம் ரோஸ் நிறம். லேசான ரோஸ்கூட இல்லை, மிட்டாய் ரோஸ். பூச்சி வராமல் இருக்க மருந்து பூசியது, வெறும் விதை எங்கேயும் கிடைக்காது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

வாங்கி வந்து ஒவ்வொன்றாகப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார், ஐந்து தண்ணீர் மாற்றினார், தன்னிடமிருந்த கறைநீக்கி அத்தனையையும் காட்டினார். மத்தியானத்துக்குள் சாயம் விதையை விட்டுவிட்டது. விட்டுவிட்டுத் துணிக்கொடியில் தொங்கிய பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டில் தெறித்து உட்கார்ந்துகொண்டது. அதைப் போக்கப் போய், புள்ளி புள்ளியாக இருந்த ரோஸ் கோட்டு முழுக்கப் பரவிற்று.

டாக்டர் வந்து கோட்டை விரித்துப் பார்த்தார். குழந்தைகள் வெள்ளைக் கோட்டைப் பார்த்தால்தான் அழும், இதைப் பார்த்தால் அழாது என்று லாண்டரிக்காரர் வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தார். டாக்டர் அதை மேலே வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டே போய்விட்டார். நல்ல மனுஷன்.

ஞாயிறு காலை மாமனாரும் மகளும் வந்து இறங்கினார்கள். மிதந்த இரண்டு போக ஏழு என்று கணக்காக எடுத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்திருந்தார் லாண்டரிக்காரர். அவிழ்த்துப் பார்த்த மனைவிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"பாத்தீங்களாப்பா, ஏழும் எப்படித் திரண்டு இருக்கு! உங்க கைவிதைன்னா சும்மாவா? இவரையும் என்னமோன்னு நெனச்சேன். பொறுப்பா பாத்துக்கிட்டிருக்காரு."

குழி தோண்டக் கொத்து எடுக்க அவள் உள்ளே போனாள். மாமனார் ஒரு விதையை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.  இனி மறைத்துப் பயனில்லை, காலில் விழுந்துவிடுவோம் என்று லாண்டரிக்காரர் முடிவு செய்தார்.

"மாமா, ஒரு விஷயம் சொல்லணும்..."

மாமனார் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தார்.

"இந்த ரோஸை எப்படி மாப்பிள்ளை இவ்வளவு சுத்தமா எடுத்தீங்க? நான் வருஷா வருஷம் ஒரு வாரம் உக்காந்து தேய்க்கிறேன்!"