அரை எம்.எம். சாருடன் ஃபிராங்பர்ட் வரை

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் உள்ள அத்தனை தோல் பதனிடும் டேனரிகளையும், அத்தனை ஷூ கம்பெனிகளையும் சலித்துத் தேடினாலும், எங்கள் அரை எம்.எம். சாரைப் போல இந்த உலகத்தின்மேல் சந்தேகம் கொண்ட இன்னொரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியாது.

நான் எக்ஸ்போர்ட் பிரிவில் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் அவர் குவாலிட்டிக்குத் தலைவர். வந்திறங்கும் தோல், சொன்ன தடிமனுக்கு அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் லாரியோடு திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் வந்த பெயர் அது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு கேஜ் இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்குகிற கருவி. முகத்தில் கடிகாரம் மாதிரி முள். அதன் வாயைத் திறந்து எதைக் கடிக்கவிட்டாலும் தடிமனைச் சொல்லிவிடும். அவர் அதைத் தோலோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நாங்கள் நிம்மதியாக இருந்திருப்போம். கேன்டீன் தோசையை அளந்தார். கல்யாணப் பத்திரிகையை அளந்து, "கார்டு கம்மி தம்பி, பிரிண்டர் உன்ன ஏமாத்திட்டான்" என்று மாப்பிள்ளையிடமே சொன்னார். ஒரு வரவேற்பில், மேடையேறிப் பரிசு கொடுத்த கையோடு மண்டியிட்டு மாப்பிள்ளையின் ஷூ மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது நம்ம கம்பெனி லைன் இல்லையே" என்றார். வீடியோக்காரர் அதையும் எடுத்துவிட்டார்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியின் தடிமனைக் கேட்டதால்தான் சம்பந்தம் முறிந்தது என்று கட்டிங் செக்‌ஷனில் ஒரு கதை உண்டு. பொய்யாகத்தான் இருக்கும். அவர் கேட்டிருக்க மாட்டார். அளந்திருப்பார்.

இப்படிப்பட்டவரோடு, பதினேழு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஜெர்மனி வரை பறக்க வேண்டிய நிலைமை போன வருஷம் எனக்கு வந்தது.

என் மனைவி எஸ்தர் நர்ஸ். வேலூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஃபிராங்பர்ட் பக்கத்தில் வேலை கிடைத்தது. எங்கள் மகள் ஜெனிக்கு அப்போது ஒன்பது மாதம். எஸ்தர் முன்னால் போனாள். எனக்கும் ஜெனிக்கும் விசா வர எட்டு மாதம் ஆகிவிட்டது. வந்ததும் வேலையை விட்டேன், டிக்கெட் போட்டேன். விடைபெறப் போனபோது ஜெனரல் மேனேஜர் சந்தோஷமாகச் சொன்னார்: "நல்லதாப் போச்சு. நம்ம சாரும் அதே ஃப்ளைட்தான். அங்க நம்ம ஷூ வாங்கற பையர் கலர் சரியில்லன்னு கம்ப்ளெயின்ட் போட்டிருக்கான். நேர்ல போய் பேசணும். ரெண்டு பேரும் ஒரே கார்ல போய்டுங்க."

என் முகம் போன போக்கை அவர் நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

காரில் ஏறியதும் அரை எம்.எம். சார் ஜெனியை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். ஜெனியும் அவரை அப்படியே பார்த்தாள். பிறகு, "வணக்கம் மேடம்" என்றார். வேடிக்கைக்கு இல்லை. வெளிநாட்டு பையர் வந்தால் சொல்வாரே, அதே குரல்.

வாலாஜா தாண்டியதும் என் பயத்தை நானே உளறிவிட்டேன். "அழுவாளோன்னு பயம் ஒரு பக்கம் சார். அத விட பெருசா ஒண்ணு இருக்கு. எட்டு மாசமா அம்மாவ ஃபோன்லதான் பாக்கறா. ஃபோனுக்கு முத்தம் குடுக்கறா. அங்க போய் நேர்ல பாத்து, அவகிட்ட போகாம போய்ட்டான்னா எஸ்தர் தாங்க மாட்டா."

அவர் என் பையைத் திறந்து, கிலுகிலுப்பையை வெளியே எடுத்து டிரைவரிடம் கொடுத்துவிட்டார். "பிளேன்ல முந்நூறு பேர் இருப்பாங்க. இத அத்தினி பேரும் கேக்கணுமா?" என்றார். அவ்வளவுதான் ஆறுதல்.

ஏர்போர்ட் சோதனையில் எதிர்பார்த்தது நடந்தது. கேஜைப் பிடித்துவிட்டார்கள். வடநாட்டு அதிகாரி ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இந்தியில் என்னவென்று கேட்டார். எங்கள் ஆள் ஆம்பூர்த் தெருக்களில் கற்ற உருதுவில் விளக்கினார். புரியவில்லை. உடனே அதிகாரியின் இடுப்பு பெல்ட்டைக் கேஜால் கவ்வி, முள்ளைப் பார்த்துவிட்டு, மேலே மட்டும்தான் தோல், உள்ளே வெறும் ரெக்ஸின் என்று அறிவித்தார். அந்த மனிதரின் முகம் வாடியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அசல் தோல் என்று நம்பி வருஷக்கணக்கில் கட்டியிருக்கிறார். ஆனால் நல்ல மனுஷன். தன் கஷ்டம் தனக்கு மட்டும் எதற்கு என்று இன்னும் மூன்று அதிகாரிகளைக் கூப்பிட்டு அவர்கள் பெல்ட்டையும் அளக்கச் சொன்னார். கேஜ் மரியாதையோடு திரும்பி வந்தது. இடுப்பில் ஜெனி, கையில் பால் பாட்டில், தோளில் டயப்பர் மூட்டையோடு நான் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் வரிசை பஸ் ஸ்டாண்டு வரை போயிருக்கும்.

எங்கேயாவது தூரத்தில் அவருக்கு சீட் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் போர்டிங் பாஸ் வாங்கும்போதே அவர் கவுன்டர் பெண்ணிடம் பேசி என் பக்கத்து சீட்டை வாங்கிவிட்டிருந்தார். "கொழந்தயோட தனியா வர்றான்" என்று காரணம் சொன்னாராம்.

மடியில் வைக்கிற குழந்தைக்கென்று விமானத்தில் ஒரு சின்ன பெல்ட் தருவார்கள். நம் பெல்ட்டோடு மாட்டிக்கொள்ள வேண்டும். பணிப்பெண் தந்ததை நான் மாட்டப் போனேன். அவர் பிடுங்கி, தையலை விரலால் தடவினார்.

"ரெண்டு ஸ்டிச் விட்டுப் போயிருக்குதும்மா. வேற குடுங்க."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வேறு கொண்டு வந்தாள். மூன்றாவது பெல்ட்டில்தான் சமாதானமானார். அப்போது எனக்கு மானம் போனது. இப்போது யோசித்தால், என் மகளுக்காக இரண்டு பெல்ட்டைத் திருப்பி அனுப்ப எனக்குத் தோன்றவில்லையே என்றுதான் இருக்கிறது.

விமானம் கிளம்பியது. ஜெனி அழ ஆரம்பித்தாள்.

சாதாரண அழுகை இல்லை. மூச்சை இழுத்து, உடம்பை வில்லாக வளைத்து, தலையைப் பின்னால் தள்ளித் தள்ளி வீறிட்டாள். பால் கொடுத்தேன். தட்டிவிட்டாள். காது அடைத்திருக்கும் என்றார் ஒருவர். பசி என்றார் ஒருவர். தோளில் போட்டு நடந்தேன், டயப்பர் மாற்றினேன், பாடினேன். பாடியதும் அழுகை ஜாஸ்தியானது. முன்சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பின்சீட்டில் திருப்பத்தூர் பக்கத்து அம்மா ஒருவர், மகனைப் பார்க்கப் போகிறவர், என் தோளைத் தொட்டார்.

"அய்யோ பாவம். கொழந்தயோட அம்மா எப்ப தவறுனாங்க?"

"தவறலைங்க. ஜெர்மனில நர்ஸா இருக்காங்க."

அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நாற்பது நிமிஷம் போனது. என் சட்டை முதுகெல்லாம் நனைந்துவிட்டது. எட்டு மாதம் ராத்திரி பகல் பார்த்த பிள்ளை, என் கையிலேயே இப்படித் துடிக்கிறாளே, உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று எனக்கே கண் கலங்கிவிட்டது.

அரை எம்.எம். சார் பையிலிருந்து நோட்டை எடுத்தார். தலைப்பு எழுதினார்: கம்ப்ளெயின்ட் – அழுகை.

"எப்ப ஸ்டார்ட் ஆச்சு?"

"சார், ப்ளீஸ்..."

"எப்பன்னு கேட்டேன்."

"பிளேன் கிளம்பினப்போ."

"அதுக்கு முன்னால இன்னா மாத்தின?"

"ஒண்ணும் மாத்தல சார்!"

"காரணம் இல்லாம கம்ப்ளெயின்ட் வராது தம்பி. கார்ல சிரிச்சா. செக்கிங்ல சிரிச்சா. உள்ள வந்து ஒக்காந்ததும் இன்னா பண்ணின, சொல்லு."

யோசித்தேன். ஏசி குளிருக்குப் புது ஸ்வெட்டர் போட்டேன். வேலூரில் வாங்கியது. எஸ்தர் பார்க்கட்டும் என்று வைத்திருந்த ரோஸ் கலர் ஸ்வெட்டர்.

சொல்லி முடிப்பதற்குள் அவர் ஜெனியை வாங்கிக்கொண்டார். கண்ணை மூடினார். தோலைத் தரம் பார்க்கும்போது அவர் அப்படித்தான் செய்வார். கண்ணுக்குத் தெரியாத கீறலை விரல் நுனி கண்டுபிடித்துவிடும். ஸ்வெட்டரின் ஓரம், பக்கத் தையல், கை, தோள் என்று விரல்கள் உள்பக்கமாக ஊர்ந்தன. கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றன.

"இருக்குது" என்றார்.

விலைச்சீட்டைக் கோத்திருந்த பிளாஸ்டிக் நரம்பு. அவசரத்தில் நான் பல்லால் கடித்து இழுத்ததில் பாதி அறுந்து, மீதி தையலுக்குள் முள்ளாக நின்றிருக்கிறது. அவள் தலையைப் பின்னால் சாய்க்கும்போதெல்லாம் பிடரியில் குத்தியிருக்கிறது. அங்கே சின்னதாகச் சிவந்திருந்தது. அவர் நகத்தால் நெம்பி அதை எடுத்தார்.

ஜெனி இரண்டு முறை தேம்பினாள். மூன்றாவது தேம்பல் பாதியில் நின்றது. அப்படியே அவர் வயிற்றின்மேல் கவிழ்ந்து தூங்கிப் போனாள்.

அந்த அமைதி இருக்கிறதே! மூன்று வரிசை ஜனம் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதைக் கேட்டேன். முன்சீட்டுக்காரர் திரும்பி அவருக்குக் கைகூப்பினார். நான் சீட்டில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சார் எதையும் கவனிக்காமல், அந்தப் பிளாஸ்டிக் துண்டை நோட்டில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் "ஆபரேட்டர் தவறு" என்று எழுதினார். ஆபரேட்டர் நான்.

அடுத்த மூன்று மணி நேரம் அவர் அசையவில்லை. சாப்பாடு வந்தது, வேண்டாம் என்றார். பாத்ரூமுக்குக்கூடப் போகவில்லை. நான் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு, "கைய வெச்சா எழுந்துக்குவா. சும்மா இரு" என்றார்.

வளைகுடாவில் இறங்கி விமானம் மாறினோம். அடுத்தது ஆறரை மணி நேரம். ஜெனி புதுத் தெம்போடு இருந்தாள். நான்தான் செத்த பிணம். கண்ணை ஒரு நிமிஷம் மூடினேன்.

திறந்தபோது மடி காலி. பக்கத்து சீட்டும் காலி.

பறக்கிற விமானத்தில் குழந்தை எங்கே போய்விடும் என்று அறிவு சொல்கிறது. ஆனாலும் செருப்பில்லாமல் ஓடினேன். முன்னால் இல்லை. பாத்ரூம் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து யாரோ அரபியில் திட்டினார். கடைசியில், வாலில், பணிப்பெண்கள் சாப்பாடு எடுத்துவைக்கிற இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அரை எம்.எம். சார் ஜெனியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஜெனி கையில் கேஜ். கம்பெனியில் சூப்பர்வைசர்கள்கூடத் தொடக்கூடாத கேஜ்! ஒரு பணிப்பெண் ரொட்டித் துண்டை நீட்ட, ஜெனி அதைக் கேஜால் கவ்வ, சார் முள்ளைப் பார்த்து ஆங்கிலத்தில் அளவை அறிவிக்க, எல்லாரும் கைதட்ட, அடுத்து பிஸ்கட், அதற்கடுத்து சாரின் காது மடல்.

என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டார். "தூங்கினு இருந்த. எழுப்ப மனசு வரல. மேடத்துக்கு போரடிச்சிது" என்றார்.

நான் கதவில் சாய்ந்து நின்று, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன். பிறகு சீட்டுக்குத் திரும்பி, எட்டு மாதத்தில் முதல் தடவையாக, கவலையில்லாமல் இரண்டு மணி நேரம் தூங்கினேன்.

ஃபிராங்பர்ட். பெட்டி எடுத்து வெளியே வந்தோம். கம்பிக்கு அந்தப் பக்கம் எஸ்தர் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். ஜெனியைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள்.

ஜெனி முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எஸ்தர் தொட்டதும் வீறிட்டாள்.

எஸ்தரின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. எத்தனையோ வார்டுகளில் எத்தனையோ பிள்ளைகளை அடக்கிய கைகள். "பரவால்ல. பரவால்லங்க" என்று என்னைத்தான் தேற்றினாள். பிறகு, அத்தனை கூட்டத்தில், கோட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நான் ஜெனியை எதிரே இறக்கிவிட்டேன். எஸ்தர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"ஜெனிக்குட்டி எங்க? காணோமே!"

தினமும் ஃபோனில் விளையாடுகிற விளையாட்டு. என் கால்சட்டையைப் பிடித்திருந்த ஜெனி எட்டிப் பார்த்தாள். எஸ்தர் கையை விலக்கினாள், மூடினாள். இது எவ்வளவு நேரம் நடந்ததென்று தெரியாது. பெட்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. கடைசியில் ஜெனி தத்தித் தத்திப் போய், ஒரு விரலால் அம்மாவின் மூக்கைத் தொட்டாள். ஃபோனின் வழுவழுவென்ற கண்ணாடி இல்லை. சூடான, ஈரமான நிஜ மூக்கு. இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள். பிறகு, ரொம்ப நாள் பழகிய இடம் மாதிரி, அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துவிட்டாள்.

நான் மூச்சு விட்டுத் திரும்பினேன். பத்தடி தள்ளி, ஒரு தூண் பக்கத்தில், எங்கள் டிராலியையும் தன் பெட்டியையும் பிடித்தபடி அரை எம்.எம். சார் நின்றிருந்தார். அவர் பெயர் எழுதிய அட்டையோடு ஒரு ஜெர்மன் டிரைவர் பக்கத்தில் நின்று, கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். சார் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

என்னைப் பார்த்ததும் டிராலியை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, "வர்றேன் தம்பி" என்று மட்டும் சொல்லி, டிரைவரின் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார். முப்பது வருஷ வேலையில் அவர் தாமதமாகப் போன ஒரே மீட்டிங் அதுதான் என்று பிறகு கம்பெனியில் சொன்னார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

தோளில் ஜெனியோடு எஸ்தர் எழுந்து வந்தாள். கண்ணாடிக் கதவு வரை அவரையே பார்த்தாள்.

"யாருங்க அது? இவ்ளோ நேரம் நமக்காக நின்னாரே?"

சொல்ல எத்தனையோ கதை இருந்தது.

"நமக்கு வேண்டியவரு" என்றேன்.