ஜெபசுந்தரின் ஜோடிக் கம்பி

ஜெபசுந்தர் ஒன்றாம் சுவிட்சை அமுக்கினான். எதிரே பட்டாசு ஷெட்டில் மூன்றாம் பல்பு எரிந்தது.

"ஏலே, ராக்கெட்டா இருந்தா இந்நேரம் பந்தல்ல போயி இறங்கியிருக்கும்!" என்றார் முதலாளி ரத்தினசாமி.

"அதுக்குத்தானே அண்ணாச்சி பல்பு வச்சுப் பாக்கோம்!"

தூர நின்று சுவிட்சிலேயே வாணம் விடும் போர்டு. ஜெபசுந்தர் ஆறு மாதம் தூங்காமல் வரைந்தது. கோயில் கமிட்டி அதைப் பார்க்க வந்துகொண்டிருந்தது. பிடித்துவிட்டால் திருவிழா ஆர்டர். அவனுக்குத் தனிப் பிரிவு. இல்லாவிட்டால் மறுபடியும் ஆபீசில் மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் டிசைன்.

"இங்கேருந்து ஷெட்டுக்கு ரெண்டு கம்பி எதுக்குலே?"

"ஒண்ணுல வோல்ட்டு ஏறுனா மத்ததுல இறங்கும் அண்ணாச்சி. ஷெட்டுக்குள்ள இருக்க இன்னொரு போர்டு ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாக்கும். வெளிய இருந்து வர்ற கரண்டு இரைச்சல் ரெண்டுலயும் சமமா ஏறிக் கழிஞ்சு போயிரும்!"

"பெறகு ஏன் தப்பா எரியுது?"

ஜெபசுந்தர் போர்டைத் திருப்பினான். முகம் மலர்ந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்! ஜோடிக்கு அடியில கிரவுண்டுத் தகடு வெட்டுப்பட்டிருக்கு. போன கரண்டு திரும்பி வர வழியில்லாம ஊரைச் சுத்துது!"

"திரும்பி வர வழி பாக்காமயா அனுப்புனே?"

வெட்டின் மேல் செம்புப் பட்டை வைத்துப் பற்றவைத்தான். "சின்னத்தாயக்கா, கம்பி இறுக்கமா இருக்கான்னு பாத்துக்கோங்க!"

ஷெட்டின் ஃபோர்மேன் சின்னத்தாய் உள்ளே ஓடினாள். கதவோர எர்த்துத் தகட்டைத் தொட்டு உடம்புக் கரண்டை மண்ணில் இறக்காமல் யாரும் அவளைத் தாண்டி அங்கே கால் வைக்க முடியாது.

"சரியாக்கிட்டேன் சார்!" என்று உள்ளிருந்து அவள் குரல் வந்தது.

சுவிட்சைத் தொடும் முன்பே எல்லாப் பல்பும் கண்ணடித்தன.

"கல்யாண வீட்டு சீரியல் செட்டா இது?" ரத்தினசாமிக்கு வியர்த்தது.

"ரெண்டு போர்டுக்கும் கிரவுண்டு ஒண்ணாகலை! மூணாவது கம்பி இழுத்தா தீந்துச்சு!" ஜெபசுந்தர் துள்ளினான். கம்பி பறந்தது. நுனியைச் சின்னத்தாய் வாங்கிப் போனாள்.

வாசலில் கமிட்டியின் கார் நின்றது. ஜெபசுந்தர் கண்ணை மூடி ஒன்றாம் சுவிட்சை அமுக்கினான். இரண்டு. மூன்று. ஒரு பல்பும் எரியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

"லேபிள் வேலைக்கே போயிருலே," என்றார் முதலாளி, அழாத குறையாக.

சின்னத்தாய் முந்தானையில் கையைத் துடைத்தபடி பெருமையாக வெளியே வந்தாள்.

"பயப்படாதீக சார், எர்த்து இல்லாம ஒரு கம்பிய என் ஷெட்டுக்குள்ள விடுவனா? மொதல்ல ஒண்ணு, அடுத்து ரெண்டு, இப்ப மூணையும் தோலச் சீவிக் கதவுப் பக்கத்து எர்த்துத் தகட்டுல ஒண்ணா முறுக்கிட்டேன்!"